டிஜிட்டல் கேம் வாங்க எந்த வழி? ரூபாய்க் கடை, வவுச்சர், டாலர் கடை, வெளிநாட்டுக் கணக்கு: ஓர் ஒப்பீடு

கேமைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. கார்ட்டில் போட்ட பிறகு வரும் பக்கத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பில்லிங் அட்ரஸில் எதைப் போடுவது? யூபிஐயா, கார்டா? வவுச்சர் வாங்கி ஏற்றினால் வரி மிச்சமா? அமெரிக்க விலாசம் கொடுத்து, விற்பனை வரி இல்லாத மாநிலம் ஒன்றைப் போட்டால் என்ன? வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இவற்றைத்தான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சென்னையில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வரியைத் தவிர்க்க நேர்மையான வழி எதுவும் இல்லை. அதைத் தவிர்க்கப் போய் இழப்பது பெரும்பாலும் அந்த வரியைவிட அதிகம். பணத்தை உண்மையில் மிச்சப்படுத்தும் இடங்கள் வேறு: வங்கி போடும் அந்நியச் செலாவணிக் கட்டணம், வாலட்டில் முடங்கும் சில்லறை, திரும்பக் கிடைக்காமல் போகும் ரீஃபண்ட்.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும். வங்கிக் கணக்கிலிருந்து கடைசியில் எவ்வளவு போகிறது? வரி விலைக்குள் இருக்கிறதா, மேலே ஏறுகிறதா? கேம் பிடிக்காவிட்டால் பணம் எங்கே, எந்த வடிவில் திரும்புகிறது? கணக்கு முடக்கப்படும் ஆபத்து உண்டா? பணம் எங்காவது பயன்படாமல் தங்கிவிடுமா? கடையில் தெரியும் விலை இவற்றில் முதல் கேள்விக்குக்கூட முழு விடை ஆகாது.

வரி எப்படி விழுகிறது

வெளிநாட்டு நிறுவனம் இங்கே உள்ளவருக்கு இணையத்தில் விற்கும் கேமுக்கு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 சதவீதம். அதை வசூலித்துக் கட்டுவது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஜிஎஸ்டிஆர்-5ஏ என்ற படிவத்தில் மாநிலவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரித்துப் போடாமல் ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் டிஸ்க் வாங்கினால் 9-ம் 9-ம் தனித்தனியாக வரும், கூட்டினால் அதே 18.

வாங்குகிறவர் இந்தியாவில் இருக்கிறார் என்று முடிவுகட்ட ஐஜிஎஸ்டி சட்டம் ஏழு அடையாளங்களைச் சொல்கிறது: இணையத்தில் கொடுத்த விலாசம், கார்டு வழங்கப்பட்ட நாடு, பில்லிங் அட்ரஸ், கருவியின் ஐபி முகவரி, பணம் கட்டப் பயன்படும் வங்கிக் கணக்கு இருக்கும் இடம், சிம் கார்டின் நாட்டு எண், தரைவழித் தொலைபேசி இருக்கும் இடம். ஒன்றுக்கொன்று முரண்படாத இரண்டு பொருந்தினாலே போதும். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு ஐபியை மாற்றினாலும் உங்கள் கார்டும் வங்கியும் இந்தியா என்றே சொல்லும். வரி மாறாததற்குக் காரணம் அதுதான்.

விலைக்குள் வரியா, மேலே வரியா என்பதுதான் அடுத்த குழப்பம். நம் ஊரில் எம்ஆர்பி என்றால் வரி உட்பட. அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி சேராது. அதனால் அங்கே 59.99 டாலர் என்று விளம்பரமாகும் கேம், நியூயார்க் நகரின் 8.875 சதவீத விற்பனை வரி சேர்ந்தால் 65.31 டாலர். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம், இந்தியக் கணக்குக்குக் காட்டும் ரூபாய் விலை வரி உட்பட்டது. ரூ.4,999 கேமில் ரூ.762.56 வரி, ரூ.4,236.44 அடிப்படை விலை. வரியை மேலே ஏற்றும் கடையில் அதே ரூ.4,999, கடைசிப் பக்கத்தில் ரூ.5,898.82 ஆகிவிடும். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது கேம் பக்கத்தில் உள்ள விலையைப் பார்க்காதீர்கள், பணம் கட்டும் கடைசித் திரையில் உள்ள தொகையைப் பாருங்கள்.

இன்னொன்று. ஆன்லைன் கேமிங்குக்கு 28, 40 சதவீதம் என்று செய்திகளில் வந்தது பணத்தைப் பந்தயமாக வைத்து ஆடும் ஆட்டங்களைப் பற்றியது. காசு கொடுத்து வாங்கி விளையாடும் வீடியோ கேமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வழி 1: ரூபாய்க் கடையில் நேராக யூபிஐ அல்லது கார்டு

ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விலை காட்டுகிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரின் இந்தியப் பகுதி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர் ஆகியவையும் ரூபாயில்தான். பெரும்பாலானவர்களுக்கு இந்த வழியே போதும்.

யூபிஐயில் கட்டினால் வாங்குகிறவருக்குத் தனிக் கட்டணம் இல்லை. கார்டில் ஒரு பொறி உண்டு. விலை ரூபாயில் இருந்தாலும் அந்தக் கடை வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், சில வங்கிகளின் கிரெடிட் கார்டுகளில் ஒரு சதவீதம் அளவுக்குக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் விழும். வாங்கிய அன்று தெரியாது. மாத ஸ்டேட்மென்டில் கேமுக்கான பதிவுக்குக் கீழே சில நாள் தள்ளி, கடையின் பெயரே இல்லாமல் இரண்டு சின்னத் தொகைகள் நிற்கும்: ஒன்று கட்டணம், மற்றது அதற்கான வரி. முதல் முறை ஒரு கார்டைப் பயன்படுத்திய மாதம் அந்த இரண்டு பதிவுகளையும் தேடிப் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை யூபிஐக்கு மாறிவிடலாம்.

ரீஃபண்ட் இந்த வழியில்தான் சுலபம். ஸ்டீமிலும் எபிக் கேம்ஸ் ஸ்டோரிலும் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தரலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோர் கறார். 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக வாய்ப்பு போய்விடும். கன்சோலில் தானாக டவுன்லோடு ஆகும் அமைப்பை அணைத்துவிட்டு வாங்குவது நல்லது. ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்கும்போது வாலட்டுக்கா, கட்டிய வழிக்கா என்று கேட்கும். அவசரத்தில் வாலட்டைத் தேர்ந்தெடுத்தால் பணம் உங்கள் வங்கிக்கு வராது. அப்பாவின் யூபிஐயில் வாங்கியிருந்தால், கட்டிய வழிக்கே திரும்பும் பணம் அவர் கணக்குக்குப் போகும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாதச் சந்தாவுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி தானாகப் பிடிக்கும் ஒவ்வொரு தவணைக்கும் 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். ரூ.15,000 வரை ஓடிபி இல்லாமலே பிடித்துக்கொள்ளலாம். கார்டை மாற்றினால் பழைய அனுமதி செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும். கடையில் சந்தாவை நிறுத்தினால் மட்டும் போதாது, வங்கி ஆப்பில் இருக்கும் ஆட்டோபே பட்டியலிலும் ரத்து செய்துவிடுங்கள்.

வழி 2: ரூபாய் வவுச்சர் வாங்கி வாலட்டில் ஏற்றுவது

வவுச்சர் பில்லில் ஜிஎஸ்டி இல்லை என்பதைப் பார்த்து, வரி மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. வவுச்சரை விற்பது பொருள் விற்பனையும் அல்ல, சேவை விற்பனையும் அல்ல என்று மறைமுக வரிகள் வாரியம் 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. வரி மிச்சமாகவில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். வாலட்டிலிருந்து கேம் வாங்கும்போது அதே 18 சதவீதம் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். விற்பவர் தனியாகச் சேவைக் கட்டணம் போட்டால் அதற்கு மட்டும் வரி உண்டு.

மறைவான செலவு சில்லறையில் இருக்கிறது. ரூ.1,499 கேமுக்கு ரூ.2,000 வவுச்சர் ஏற்றினால் ரூ.501 அங்கேயே தங்கும். வங்கிக்கு எடுக்க முடியாது. அடுத்த கேம் எப்போது வாங்குவோம் என்று தெரியாதவருக்கு அது செத்த பணம். கோடை விற்பனையிலும் தீபாவளித் தள்ளுபடியிலும் தவறாமல் வாங்குகிறவருக்கு அது பிரச்சினையே அல்ல. வவுச்சரில் உள்ள ரகசியக் குறியீடான கோடு ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் திருப்பித் தர முடியாது. இந்தியக் கணக்குக்கு இந்தியக் கோடுதான் வேலை செய்யும். தவறி வேறு நாட்டுக் கோடு வாங்கினால் அந்தப் பணத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் வவுச்சரை மிஞ்ச வேறு வழி இல்லை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை விளையாடும் கன்சோலில் பெற்றோரின் கார்டைச் சேமித்து வைப்பது ஆபத்து. கேமுக்குள்ளேயே விற்கும் நாணயம், உடை, பேக் என்று ஒரே மாலையில் பல ஆயிரம் போய்விடும். மாதம் ரூ.500 வவுச்சர் என்று வைத்துவிட்டால் செலவு அதற்குமேல் போக வழியே இல்லை. குடும்பத்தில் சண்டையும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே வவுச்சரை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். கார்டு விவரத்தைக் கடையில் கொடுக்கவே தயங்குகிறவர்களுக்கும் இதுவே ஏற்றது.

வழி 3: டாலர் விலைக் கடையில் இந்தியக் கார்டு

ரூபாய் விலை இல்லாத சிறிய கடைகள், கேமை உருவாக்கியவரே நேரடியாக விற்கும் தளங்கள் இந்த வகை. நகல் தடுப்புப் பூட்டு இல்லாத கோப்பாகக் கேமைத் தந்து 30 நாள் ரீஃபண்டும் கொடுக்கும் ஜிஓஜி மாதிரியான கடைகளை ஒப்பிடும்போதும், பணம் கட்டும் திரையில் எந்த நாணயம் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். டாலராக இருந்தால் கணக்கு இப்படிப் போகும். கணக்கு வசதிக்காக ஒரு டாலர் ரூ.85 என்று வைத்துக்கொள்வோம்.

40 டாலர் கேம்: ரூ.3,400. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி ஏறினால்: ரூ.4,012. கார்டின் அந்நியச் செலாவணி மார்க்அப் (நாணயம் மாற்ற வங்கி போடும் கூடுதல் கட்டணம்) 3.5 சதவீதம்: ரூ.140.42. மார்க்அப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்: ரூ.25.28. மொத்தம்: ரூ.4,177.70.

ரூ.3,400 என்று மனதில் போட்ட கணக்கு ரூ.778 கூடிப்போனது. அதில் வங்கி எடுத்தது ரூ.165 சொச்சம். மார்க்அப் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும், மார்க்அப் இல்லாத கார்டுகளும் உண்டு. டாலர் கடையில் அடிக்கடி வாங்குகிறவர் அப்படி ஒரு கார்டை வைத்துக்கொள்வது நியாயம். வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிறவர் அதற்காகக் கார்டு தேட வேண்டாம். 'உங்கள் கார்டின் நாணயத்திலேயே கட்டலாமே' என்று கடை ரூபாயைக் காட்டினால் தயங்குங்கள். அந்த மாற்று விகிதத்தில் பெரும்பாலும் கூடுதல் லாபம் சேர்த்திருப்பார்கள்.

ரீஃபண்டிலும் இழப்பு உண்டு. திரும்பும் டாலர் அன்றைய விகிதத்தில் ரூபாயாகும், மார்க்அப்பைப் பல வங்கிகள் திருப்புவதில்லை.

முதல் முறை கட்டும்போது 'கார்டு நிராகரிக்கப்பட்டது' என்று வந்தால் கடையைச் சந்தேகிக்க வேண்டாம். ரிசர்வ் வங்கி 2020-ல் போட்ட விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டே வரும். வங்கி ஆப்பில் கார்டு அமைப்புக்குப் போய் அதை இயக்கி, வரம்பையும் தேவைக்கு மட்டும் வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் ஓடிபி கேட்காமலே பணம் போவதுண்டு. அணைத்து வைத்தால் திருட்டுக்கு வழி இல்லை.

வழி 4: வெளிநாட்டுக் கணக்கு, வெளிநாட்டு விலாசம், கிஃப்ட் கார்டு

ஒரேகான், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகிய அமெரிக்க மாநிலங்களில் பொது விற்பனை வரி கிடையாது. கணக்கை அமெரிக்காவுக்கு மாற்றி அதில் ஒன்றின் அஞ்சல் எண்ணைப் போட்டால் வரி பூஜ்யம் என்ற யோசனை இங்கிருந்து பிறக்கிறது. நடைமுறையில் எங்கெல்லாம் முட்டும் என்று பாருங்கள்.

முதலில் கார்டு. முன்னால் உள்ள இலக்கங்களிலேயே எந்த நாட்டு வங்கி என்பது தெரிந்துவிடும். அமெரிக்க விலாசத்தோடு இந்தியக் கார்டு போட்டால் பல கடைகள் அங்கேயே நிறுத்திவிடும். அதனால் அமெரிக்க கிஃப்ட் கார்டு தேட வேண்டும். அதை விற்பவர் மேலே லாபம் வைப்பார், டாலருக்கு மார்க்அப்பும் போகும். வரியில் மிச்சம் பிடித்தது அங்கே கரையும். அஞ்சல் எண் தவறி வரி உள்ள மாநிலமாக இருந்தால் 60 டாலர் கார்டால் 59.99 டாலர் கேமை வாங்க முடியாது. வரிக்கு இன்னொரு கார்டு வாங்க வேண்டியதுதான்.

அடுத்தது விதி. ஸ்டீமின் சந்தாதாரர் ஒப்பந்தம், இருப்பிடத்தை மறைத்து வேறு நாட்டு விலையில் வாங்குவதைத் தடைசெய்கிறது. நாட்டை மாற்ற அந்த நாட்டுக் கட்டண முறையில் ஒன்று வாங்க வேண்டும், மாற்றிய பின் மூன்று மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. ஒருகாலத்தில் எல்லோரும் ஓடிய அர்ஜென்டினா, துருக்கி விலைகளை ஸ்டீம் 2023 நவம்பரில் டாலருக்கு மாற்றிவிட்டது, ஆக அந்த ஆதாயமும் போனது. பிளேஸ்டேஷன் கணக்கில் நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. வேறு நாட்டுக் கணக்கில் வாங்கிய கேமுக்கு இந்தியக் கணக்கில் டிஎல்சி எனும் கூடுதல் பகுதியை வாங்கினால் பல நேரம் ஒட்டாது.

பல வருடம் சேர்த்த கேம்கள் இருக்கும் கணக்கை சில நூறு ரூபாய்க்காகப் பணயம் வைக்க வேண்டாம். கணக்கு முடங்கி, நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்கும்படி கடை கேட்டால், போலி விலாசம் உங்களுக்கு எதிரான சாட்சியாகவே நிற்கும்.

ஒரே விதிவிலக்கு நின்டென்டோ ஸ்விட்ச். அதன் இணையக் கடையான இஷாப் இந்தியாவுக்கென இதுவரை இல்லாததால், இங்குள்ளவர்கள் வேறு நாட்டுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். அப்படியானால் ஒரே நாட்டைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மீதிப் பணம் இருக்கும்வரை நாட்டை மாற்ற விடாது. டிஜிட்டலில் வாங்கியதற்குப் பொதுவாக ரீஃபண்டும் இல்லை. ஸ்விட்சுக்கு கார்ட்ரிட்ஜ் வாங்குவதே மேல் என்பது எங்கள் எண்ணம். முடித்துவிட்டு விற்றுவிடலாம்.

கேமைத் திறக்கும் குறியீடான கீயை மலிவாக விற்கும் சந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக: கடைசித் திரையில் கட்டணம் ஏறும், முறையான வரி பில் கிடைப்பது அரிது, திருட்டுக் கார்டில் வாங்கிய கீ என்றால் பிறகு பறிபோகும். வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் தராது.

நான்கும் ஒரே பார்வையில்

| வழி | வரி | மறைவான செலவு | ரீஃபண்ட் | யாருக்கு |
|---|---|---|---|---|
| ரூபாய்க் கடை, யூபிஐ | விலைக்குள் 18% | இல்லை | கட்டிய கணக்குக்கே | பெரும்பாலானவர்களுக்கு |
| ரூபாய்க் கடை, கிரெடிட் கார்டு | விலைக்குள் 18% | சில கார்டுகளில் சுமார் 1% + ஜிஎஸ்டி | கார்டுக்கே | கேஷ்பேக் அதைவிட அதிகம் என்றால் |
| வவுச்சர் | கேம் வாங்கும்போது | முடங்கும் சில்லறை | வாலட்டுக்கு மட்டும் | பிள்ளைகள், வரம்பு வேண்டுபவர் |
| டாலர் கடை | பெரும்பாலும் மேலே | மார்க்அப் + ஜிஎஸ்டி | விகித இழப்புடன் | வேறெங்கும் கிடைக்காத கேம் |
| வெளிநாட்டுக் கணக்கு | அந்த நாட்டு வரி | கார்டு லாபம், கணக்கு ஆபத்து | அரிது | ஸ்விட்சுக்கு மட்டும் |

பில்லிங் படிவத்தை எப்படி நிரப்புவது

பெயர் கார்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில். நம் ஊர் விலாசத்தில் சிக்குவது கதவு எண்தான். 'புதிய எண் 27, பழைய எண் 14' என்று இருப்பதை 27/14 என்று போட்டால், சாய்கோட்டை ஏற்காத படிவம் சிவப்பாகிவிடும். சிவப்பு எங்கே என்று தெரியாமல் கார்டு எண்ணையே திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். புதிய எண்ணை மட்டும் போடுங்கள். அபார்ட்மென்ட் பெயரை இரண்டாவது வரிக்குத் தள்ளுங்கள்.

பின்கோடு ஆறு இலக்கமும் இடைவெளி இல்லாமல். மயிலாப்பூர் 600004, வேளச்சேரி 600042 என்பது போல. தாம்பரத்தில் இருப்பவர் நகரம் என்ற இடத்தில் சென்னை என்றோ தாம்பரம் என்றோ போடலாம், செங்கல்பட்டு மாவட்டம் என்று குழம்ப வேண்டாம். மாநிலம் மட்டும் தமிழ்நாடு என்று சரியாக இருக்கட்டும். நீங்கள் கட்டும் வரியில் மாநிலப் பங்கு எங்கே போகிறது என்பது அந்தப் பட்டியலில் நீங்கள் தொடும் பெயரைப் பொறுத்தது. பட்டியலின் மேலே நிற்கும் ஏதோ ஒரு பெயரை விட்டுவிட்டால் நம் மாநிலத்துக்கு வர வேண்டியது வேறெங்கோ போகும்.

ஜிஎஸ்டிஐஎன் எனும் ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேட்கும் கட்டத்தைச் சாதாரண வாங்குபவர் காலியாக விடலாம். 33-ல் தொடங்கும் தமிழ்நாட்டு எண் வைத்திருப்பவர் அதைப் போட்டால் வெளிநாட்டுக் கடை வரி போடாது, ஆனால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அந்த 18 சதவீதத்தை அவரே கட்ட வேண்டும். சொந்தமாக விளையாட வாங்கியதற்கு உள்ளீட்டு வரிக் கழிவும் கிடையாது. கேமிங் சென்டர் நடத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரணக் கணக்கில் வாங்கிய கேமை வணிகத்துக்குப் பயன்படுத்தப் பெரும்பாலான கடைகளின் விதி இடம் தராது.

பணம் போயும் கேம் வராவிட்டால்

உடனே மறுபடி கட்டாதீர்கள். இரண்டு முறை போய்விடும். யூபிஐ ஆப்பில் உள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் கடையின் ஆர்டர் எண்ணையும் எடுத்து வையுங்கள். கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி போகாத பரிவர்த்தனையை வங்கி 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் விதி. யூபிஐக்கும் ஆன்லைன் கார்டுக்கும் இது பொருந்தும். இழப்பீட்டை வங்கி தானாகவே தர வேண்டும், வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் தரலாம். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கார்டில் விழுந்திருந்தால் கார்டை முடக்கி, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்து, இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் அழைத்துவிடுங்கள்.